ஆறாம் வகுப்பு எங்கே இருக்கலாம்: எலிமென்டரியா, மிடில் ஸ்கூலா?

கேள்வி:
கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். எங்கள் பள்ளி டிஸ்ட்ரிக்டில் (இந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கிண்டர்கார்டன் முதல் 6 வரை எலிமென்டரி, 7, 8 மிடில் ஸ்கூல். ஆறாம் வகுப்பையும் மிடில் ஸ்கூலுக்கு மாற்றலாமா என்று அதன் நிர்வாகக் குழுவான போர்டு பெற்றோரிடம் கருத்துக் கேட்கிறது. மகள் இப்போது ஐந்தாவது. எதை ஆதரிக்கலாம், கூட்டத்தில் என்ன கேட்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
எலிமென்டரியிலேயே விடச் சொல்லுங்கள். வட கரோலினா பள்ளிகளைப் பற்றி 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. மிடில் ஸ்கூலில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், எலிமென்டரியில் இருந்தவர்களைவிட அதிகமாக ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கினார்கள். அந்த வித்தியாசம் ஒன்பதாவது வரை நீடித்தது. 11 வயதுப் பிள்ளை 13, 14 வயதுக்காரர்களோடு நாள் முழுக்கப் பழகினால் அவர்களைப் பார்த்துத்தான் நடக்கும்.

பதில் 2:
ஆய்வு சரி, ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. ஃபுளோரிடா தரவுகளில் ஏழாவதில் மிடில் ஸ்கூல் போனவர்களுக்கும் மதிப்பெண் சரிந்தது. அதாவது எந்த வகுப்பில் மாறினாலும், மாறுவதிலேயே பாதிப்பு இருக்கிறது. 7, 8 மட்டும் உள்ள பள்ளியில் பிள்ளை பழகி முடிப்பதற்குள் ஹைஸ்கூல் வந்துவிடும்; டீச்சர்களுக்கும் பிள்ளையைத் தெரிந்திருக்காது. எட்டாவது வரை ஒரே பள்ளி என்றால் இந்தச் சிக்கலே இல்லை. உங்கள் போர்டு அதைப் பேசவில்லை என்றால் கேளுங்கள்.

கணக்கையும் பாருங்கள், அதில் மிடில் ஸ்கூல் பக்கம் ஒரு நியாயம் உண்டு. விகிதம், பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது, குறை எண்கள், சமன்பாடு எல்லாம் ஆறாவதில்தான் தொடங்குகின்றன. எல்லாப் பாடமும் எடுக்கும் ஒரே டீச்சரால், வேகமாகப் போகும் பிள்ளைக்குத் தனி வகுப்பு நடத்துவது கஷ்டம்.

மாற்றுவது உறுதியானால் அழுத்திக் கேட்க வேண்டியது "கோர்" முறை: ஆங்கிலமும் சமூக அறிவியலும் ஒரு டீச்சர், கணக்கும் அறிவியலும் இன்னொருவர். கலிஃபோர்னியா சட்டப்படி, மல்டிபிள் சப்ஜெக்ட் உரிமம் (ஒரே வகுப்புக்கு எல்லாப் பாடமும் எடுப்பதற்கானது) உள்ள எலிமென்டரி டீச்சர்கள் 5 முதல் 8 வரை இப்படி எடுக்கலாம். ஆகவே இப்போதைய ஆறாவது டீச்சர்களே பிள்ளைகளோடு போக முடியும். பாடத்துக்கு ஒரு டீச்சர் என்று ஆறு பீரியடாகப் பிரித்தால் சிங்கிள் சப்ஜெக்ட் உரிமம் (ஒரு பாடத்துக்கு மட்டுமானது) தேவை. ஆள் கிடைக்காமல் சப்ஸ்டிட்யூட்டை வைத்து வகுப்பு ஓட்டுவது அங்கேதான் தொடங்கும்.

பதில் 3:
மேலே சொன்னதை ஒட்டி: ஆறாவதுக்குத் தனிப் பகுதியும் தனி மதிய உணவு நேரமும் உண்டா என்று கேளுங்கள். முதல் பதிலில் உள்ள பயத்துக்கு இதுதான் நேரடி மருந்து.

நேரம் பற்றி: 2022 ஜூலையிலிருந்து இங்கே மிடில் ஸ்கூல் காலை 8 மணிக்கு முன் தொடங்கக் கூடாது (கிராமப்புற டிஸ்ட்ரிக்டுகளுக்கு விலக்கு). எலிமென்டரிக்கு அந்த விதி இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளையும் இருந்தால் இரண்டு இடத்தில் விட வேண்டிய நேரத்தைக் கணக்குப் போடுங்கள். பாட நேரம் குறையுமோ என்ற கவலை வேண்டாம். 4 முதல் 8 வரை ஆண்டுக்குக் குறைந்தது 54,000 நிமிடம், எந்தக் கட்டடமானாலும். டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல்) தடுப்பூசிச் சான்று ஏழாவதுக்குத்தான், ஆகவே ஆறாவது இடம் மாறினாலும் அதில் மாற்றம் இல்லை. பள்ளி முடிந்த பிறகான டேகேர் மட்டும் பல மிடில் ஸ்கூல்களில் இருக்காது, அதை முதலில் விசாரியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. மிடில் ஸ்கூலில் புத்தகம் வைக்கும் லாக்கரின் பூட்டு திறக்க வராது என்று மகள் இப்போதே பயப்படுகிறாள்.

பதில் 3:
எண் பூட்டு ஒன்று வாங்கிக் கோடையில் பழக்குங்கள். வலது பக்கம் மூன்று சுற்று, முதல் எண்ணில் நிறுத்த வேண்டும். இடது பக்கம் முதல் எண்ணை ஒரு முறை தாண்டி இரண்டாவதில். பிறகு வலது பக்கம் நேராக மூன்றாவதுக்கு. இரண்டாவது எண்ணுக்குப் போகும்போது அந்த ஒரு சுற்றை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலும் திறக்காது.