பொக்கெட் கொப்பியில தினமும் எழுதிற பழக்கம் எப்பிடி வரும்?

வெள்ளவத்தையில இருந்து கொழும்பு கோட்டைக்கு வேலைக்குப் போறன். சின்னக் கொப்பி ஒண்டு சேர்ட் பொக்கெட்டிலயே கிடக்கு, கொஞ்ச நாள் எழுதுவன் பிறகு விட்டுப்போகுது, விடாம எழுதிறாக்கள் எப்பிடிச் செய்யிறீங்க?

பதில்: தம்பி, ஏற்கெனவே செய்யிற ஒரு வேலையோட சேத்துக்கொள்ளுங்கோ. நான் காலமை பிளேன்டீ ஆறுற நேரம் கொப்பியத் திறந்திடுவன், திகதி போட்டு ஒரு வரி காணும், சில நாள் அதுவே பக்கமா நீளும்.

பதில்: ஒருநாள் விட்டா கைவிடாதீங்க. 2010ல வந்த லண்டன் ஆய்வில பழக்கம் படிய சராசரியா 66 நாள், ஆளுக்காள் 18ல இருந்து 254 வரைக்கும் வித்தியாசம், இடையில ஒருநாள் தவறினது பெரிசா பாதிக்கேல்லயாம்.

பதில்: முதல் பதில்ல அக்கா சொன்ன ஒரு வரிதான் சரி. ஜெல் பேனை வேணாம், கொழும்பு வேர்வைக்கு மை ஊறிப் பரவும், போல்பொயின்ட் நல்லம். காலி வீதி பஸ்ஸில எழுதேலாது, இறங்கின உடனே எழுதுங்க.