அம்மம்மாவும் பேரனும் சேர்ந்து விளையாட ஒலிப்பெட்டி

கேள்வி (வெள்ளவத்தை): ஆர்டுயினோ நானோவில் (நிரல் எழுதி இயக்கும் சின்னப் பலகை) நாலு பொத்தான் ஒலி விளையாட்டு செய்யப்போறன். அம்மம்மாவுக்கு 75 வயது, பேரனுக்கு 6. எந்தப் பொத்தான், எந்த ஒலி நல்லது?

பதில்: 60 மி.மீ. ஆர்கேட் பொத்தான் (விளையாட்டு இயந்திரங்களில் இருக்கிற பெரிய பொத்தான்). கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரியுங்கோ. பீசோ பஸர் (‘பீப்’ என்று கத்தும் சின்ன ஒலிப்பான்) வேண்டாம். அது பெரும்பாலும் 2–4 கிலோஹேர்ட்ஸில் கத்தும், வயதானால் காதில் முதலில் குறைவது மேல்சுருதிதான். டிஎஃப்பிளேயர் மினி (மெமரி கார்டில் உள்ள ஒலியை வாசிக்கும் சின்னப் பலகை), 8 ஓம் ஸ்பீக்கர் போடுங்கோ; அம்மம்மாவின் குரலையே பதிந்து கார்டில் ஏற்றுங்கோ. அதன் ஆர்எக்ஸ் கம்பியில் (ஆர்டுயினோவின் கட்டளை வரும் கம்பி) 1 கிலோஓம் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் இரைச்சல் வரலாம்.

பதில்: நீலமும் பச்சையும் பக்கத்தில் வேண்டாம், மூத்தவர்களுக்குப் பிரித்தறியக் கஷ்டம். கை நடுங்கினால் ஒரு அழுத்தம் இரண்டாகப் பதியும். 300 மில்லிசெகண்ட் விட்டு அதே பொத்தானின் அடுத்த அழுத்தத்தை எடுங்கோ. நேரப்போட்டி வைத்தால் பேரன்தான் எப்பவும் வெல்வான். இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினால்தான் கதை நகரும் என்று வையுங்கோ.

கேள்வி கேட்டவர்: ‘சேர்ந்து’ என்றால் எவ்வளவு இடைவெளி?

பதில்: 2 செக்கனில் தொடங்குங்கோ. போதாவிட்டால் கூட்டுங்கோ.