கோபம் வந்தால் பிரஷர் ஏறுகிறது, என்ன செய்வது?

தாம்பரத்தான்: வயது 41. தினமும் கிண்டிக்கு பைக்கில்தான் போகிறேன். பின்னால் ஒருத்தர் ஹாரன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்து பொண்ணிடம் எரிந்து விழுகிறேன். நேற்று நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே டிவியை அணைத்துவிட்டு நோட்டை விரித்து வைத்துக்கொண்டாள், மனசு தாங்கவில்லை. உடனே வீட்டு மிஷினில் பார்த்தால் 152/96. மாத்திரை போட வேண்டுமா?

வார்டு நர்ஸ்: கோபத்தோடு பார்த்தால் யாருக்கும் ஏறித்தான் காட்டும். கோபத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும். 5 நிமிடம் பேசாமல் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலை, மாலை இரண்டிரண்டு தடவை ஒரு வாரம் எழுதி, சராசரி 135/85 தாண்டினால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள், மாத்திரையை அவர் முடிவு செய்யட்டும். நெஞ்சு வலித்தால் காத்திருக்காதீர்கள், 108.

மாடிவீடு: அண்ணா, நானும் இப்படித்தான் இருந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுவேன், பத்துத் தடவை. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் பழகிவிட்டது. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். முதலில் பொண்ணிடம் மன்னிப்பு கேட்டுவிடுங்கள்.

தாம்பரத்தான்: சரி, இன்றைக்கே கேட்கிறேன்.