எபேசியர் 5:22 – கல்யாண ஆலோசனை வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பொறையார்க்காரன்:
தை பிறந்தால் எங்கள் பக்கத்துச் சபைகளில் வரிசையாகக் கல்யாண ஓலை (இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு) வாசிப்பார்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடத்தும் ஆலோசனை வகுப்புக்குப் பாடம் தயாரிக்கிறேன். எபேசியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்ற இடம் வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் அதோடு வேதத்தை மூடிவிடுகிறார்கள், பெண்பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. குறுவைச் செலவுக்கு மனைவி நகையைக் கூட்டுறவுச் சொசைட்டியில் அடகு வைப்பது, அவள் சம்பளம், நிலம் விற்பது – இதிலெல்லாம் கீழ்ப்படிதல் எதுவரை? எங்கள் ஆராதனை முறையில் பெண்ணின் வாக்குறுதியில் மட்டும் அந்தச் சொல் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தஞ்சை மூப்பர்:
தம்பி, 22-ம் வசனத்தில் ஆரம்பிக்காதீர்கள். "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்ற 21-லிருந்து 33 வரை மாப்பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மனைவிக்கு 22 முதல் 24 வரை. 25-லிருந்து பேச்சு புருஷனிடம்தான், பெண்ணுக்கு மறுபடி வருவது 33-ன் கடைசியில். புருஷன் தலை என்பதை நான் விடமாட்டேன். ஆனால் அந்தத் தலைக்குக் காட்டிய மாதிரி, சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்து. மனைவியைக் கீழ்ப்படிய வை என்று புருஷனுக்கு ஒரு கட்டளையும் அங்கே இல்லை. 1 பேதுரு 3:7-ஐயும் சேருங்கள்: அவளும் கிருபைக்கு உடன் சுதந்தரவாளி (சம பங்காளி), அவளைக் கனப்படுத்தாதவனுடைய ஜெபம் தடைபடும்.

வாக்குறுதி விஷயம்: 1662-ம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்திலும் பெண்ணுக்கு மட்டும்தான் அது. கல்யாணம் நடத்தும் போதகர் ஐயரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

வல்லம் டீச்சர்:
மூப்பர் ஐயா, தலை என்று உட்காரவைத்துவிட்டு அன்பாய் நடந்துகொள் என்றால் கடைசி வார்த்தை எப்போதும் அவருடையதுதானே? முடிவு எப்படி எடுப்பது என்று பவுல் சொல்லும் இடம் 1 கொரிந்தியர் 7:3-5. அவள் சரீரத்துக்கு அவன் அதிகாரி, அவன் சரீரத்துக்கு அவள் அதிகாரி, விலகியிருப்பதும் இருவர் சம்மதத்தோடு. எங்கள் கத்தோலிக்கச் சடங்கில் இருவர் வாக்குறுதியும் ஒன்றுதான். போப் இரண்டாம் ஜான் பால் 1988-ல் எழுதிய மடலும் இந்தக் கீழ்ப்படிதல் ஒருபக்கமானதல்ல, பரஸ்பரம் என்கிறது.

நிலத்துக்கு அப்போஸ்தலர் 5-ஐ எடுங்கள். அனனியா காணியை விற்றதும் பணத்தில் கொஞ்சம் ஒளித்ததும் அவன் மனைவி சப்பீராளுக்குத் தெரியும். பேதுரு அவளைத் தனியாக விசாரித்தார். புருஷனுக்கு ஒத்தே பேசினாள், அது அவளைச் சாவிலிருந்து காப்பாற்றவில்லை. மனைவியின் மனசாட்சிக்கு அவளேதான் கணக்குக் கொடுக்கவேண்டும்.

இன்னொன்று, பெண்ணிடம் அரைமணி நேரம் தனியாகப் பேச சபையில் ஒரு அக்காவை ஏற்பாடு செய்யுங்கள். வருங்கால மாமியார் பக்கத்திலிருந்தால் எல்லாக் கேள்விக்கும் "சரி" என்றுதான் பதில் வரும்.

குடந்தை வக்கீல்:
1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 20-ம் பிரிவு: கல்யாணத்தால் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு உரிமை வராது. ஆக நகை, சம்பளம், அப்பா கொடுத்த மனை எல்லாம் அவளுடையதே. வரதட்சணையாக வேறு யார் கைக்கும் போனதைக் கல்யாணமான 3 மாதத்துக்குள் அவளிடம் ஒப்படைக்கவேண்டும் என்கிறது 1961 வரதட்சணைத் தடைச் சட்டம். 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் பதிவாளர் முன் சொல்லும் வாசகத்தில் கீழ்ப்படிதலே கிடையாது. ஐயர் அந்தச் சொல்லை விட்டுவிட்டாலும் கல்யாணம் செல்லும்.

அடகுதான் அதிகம் கெடுகிற இடம். கடன் புருஷன் பேரில் இருந்தால் ஏல நோட்டீஸ் அவருக்குத்தான் வரும், நகை போன பிறகே அவளுக்குத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணமும் அவர் கணக்குக்கே போகும். கடன் அவள் பேரில், ரசீது அவள் கையில், மீட்கும் தேதி இருவருக்கும் தெரிந்து – இந்த மூன்றையும் வகுப்பிலேயே பேசவையுங்கள்.

தஞ்சை மூப்பர்:
அடகு விஷயத்தில் வக்கீல் சொன்னதை அப்படியே பாடத்தில் சேருங்கள். தலை என்பதில் டீச்சரோடு எனக்கு ஒத்துப்போகாது, ஆனால் பெண்ணைத் தனியாகக் கேட்கச் சொன்னது மிகவும் சரி. அதை முதல் ஓலைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, மண்டபத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்தபின் எந்தப் பெண்ணும் மனதிலுள்ளதைச் சொல்லமாட்டாள்.