புதுப்பிப்பு: பட்டியில் காணாமல் போன 24 கிலோ

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: வீட்டில் 346 கிலோ இருந்த என் 15 கிடாக்கள், இறைச்சிக்கூடத்துப் பட்டியில் ஓர் இரவு நின்ற பிறகு 322 கிலோதான் காட்டின. தராசில் தில்லுமுல்லு என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன்.

நேற்று 20 கிலோ படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் அதே தராசில் வைத்துப் பார்த்தேன். துல்லியமாக 20. பட்டிக்காரர் சிரிக்காமல் நின்றதே பெரிய விஷயம்.

எடை போனது வயிற்றிலிருந்து. ஆட்டின் முதல் இரைப்பையில் எப்போதும் கிலோக்கணக்கில் தீவனமும் நீரும் கிடக்கும். இரை நின்றதும் அது புழுக்கையும் மூத்திரமுமாக வெளியேறுகிறது. வண்டியில் மிரண்டு வந்த ஆடு இன்னும் வேகமாக இளைக்கும். அன்று தரை முழுக்கப் புழுக்கை. அதன்மேல் நின்றுகொண்டுதான் சண்டை போட்டிருக்கிறேன்!

ஆனால் என் கோபம் முழுவதும் வீண் இல்லை. 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு அறுப்புக்கு முன் 24 மணி நேர ஓய்வு உண்டு. தண்ணீர் வசதி வேண்டும். சிறிய விலங்கு ஒன்றுக்கு 1.6 சதுர மீட்டர் இடம் வேண்டும். என் 15 கிடாக்களுக்கு 24 சதுர மீட்டர். நாடா பிடித்து அளந்தேன்: பதினாறுதான். தொட்டியின் அடியில் காய்ந்த பாசி.

இதைச் சொன்னதும் பட்டிக்காரர் குழாயைத் திறந்துவிட்டார். அடுத்த முறை வண்டியிலிருந்து இறக்கியவுடன் எடை போடுவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.