ஆபீஸ் ட்ரெய்னிங்கில் பஞ்சதந்திரம்: உங்களுக்கு என்ன நடந்தது?

தரமணி டெஸ்டர்:
அப்ரைசல் முடிந்த சூட்டோடு லீடர்ஷிப் ட்ரெய்னிங் வைத்தார்கள். புறாக்கள் வலையோடு பறந்த கதைதான். "எல்லாரும் சேர்ந்து பறந்தாங்க, அதான் டீம் வொர்க்" என்று ட்ரெய்னர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். பின்வரிசையில் ஒரு ஃப்ரெஷர் பெண், "சார், கதை இன்னும் முடியலையே" என்றாள். எலி வலையைக் கடிக்க வந்ததும் புறா ராஜா சித்திரக்ரீவன், முதலில் என் கூட்டத்தை விடுவி, என் கட்டை அப்புறம் அறுக்கலாம் என்கிறானே, அதை ஏன் விட்டுட்டீங்க என்று கேட்டாள். அந்த வருஷம் எங்கள் டீமில் ப்ரமோஷன் வாங்கியது மேனேஜர் ஒருத்தர்தான். முதல் வரிசையில் இருந்த அவர் லேப்டாப்பை மூடினார் பாருங்கள், அந்த 'டப்' இன்னும் காதில் இருக்கிறது.

கிண்டி பேக்கெண்ட்:
மேனேஜரை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஹைக் பட்ஜெட் மேலே முடிவாகித்தான் வரும், அவர் கையில் எலியும் இல்லை, பல்லும் இல்லை. எங்கள் ஆபீசில் சிங்கத்துக்கும் காளைக்கும் நடுவே தமனகன் என்கிற நரி கோள்மூட்டிய கதை. சொல்லி முடித்த ட்ரெய்னர், "உங்க டீம்ல தமனகன் யாரு?" என்று கேட்டுத் தொலைத்தார். யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. அந்த ஆள் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்கவே இல்லை. கொஞ்ச நாளில் வேறு ப்ராஜெக்ட் கேட்டுப் போய்விட்டார்.

பழைய ஹெச்ஆர்:
அந்தக் கேள்வியே தப்பு. படிப்பு ஏறாத மூன்று இளவரசர்களுக்கு ஆறே மாதத்தில் ராஜநீதி புகட்ட விஷ்ணு சர்மா சொன்னதாகத்தான் பஞ்சதந்திரமே தொடங்குகிறது, குழந்தைக் கதை என்று ஒதுக்கியது நாம்தான். நம்ம ஊரையே பாருங்கள், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி சொல்லித்தர 1812-இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த தாண்டவராய முதலியார், 1826-இல் இதை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையாகக் கொண்டுவந்தார். ஆபீசருக்கும் இந்தக் கதைக்கும் சென்னையில் பழைய உறவு! நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன், நரி கோள் சொல்லப் போகும் இடத்தில் கதையை நிறுத்துங்கள். சிங்கம் இப்போது யாரிடம் என்ன விசாரிக்க வேண்டும் என்று கேளுங்கள். காளையைக் கூப்பிட்டு நேராக ஒரு வார்த்தை கேட்காமலே சிங்கம் அதைக் கொன்றுவிடுகிறது, அதைக் கூட்டமே கண்டுபிடிக்கட்டும். நீதியை நீங்கள் சொல்லாதீர்கள். ஸ்லைடு வேண்டவே வேண்டாம். மேனேஜரையும் அவருக்கு ரிப்போர்ட் செய்பவர்களையும் முதல் நாளே ஒரே ரூமில் உட்காரவைக்காதீர்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்தால் பாதிப் பேர் தூங்குவார்கள்.

தரமணி டெஸ்டர்:
சார், நான் ட்ரெய்னிங் எடுக்கப் போவதில்லை, நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான் 🙂

அம்பத்தூர் நைட் ஷிப்ட்:
ஐடி ஆட்கள் கதையே ஓடுகிறது. எங்கள் ஃபேக்டரியில் சூப்பர்வைசர்களுக்கு ஆமைக் கதை. அன்னங்கள் குச்சியில் தூக்கிப் போகும்போது வாயைத் திறந்து விழுந்ததே, அதே ஆமைதான். தேவையில்லாமல் பேசாதீர்கள் என்பதுதான் பாடமாம். ப்ரெஸ் மெஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் சீனியர் எழுந்து, "அப்போ அந்தச் சத்தத்தை இனிமே சொல்லணுமா, வேணாமா சார்?" என்றார். ட்ரெய்னர் மெயின்டெனன்ஸ்காரரைப் பார்த்தார். அவர் செல்போனைப் பார்த்தார்.