தீவனச் சேர்க்கை விலை ஏறினால் எல்லாப் பழியும் கப்பலுக்கா?

தொண்டி இறால்குளம்:
மினரல், வைட்டமின் சி, பைண்டர், பிரீமிக்ஸ், எதைக் கேட்டாலும் நம்ம பக்கத்துக் கடைகள்ல ஒரே பதில்தான்: "கப்பல் வாடகை ஏறிருச்சு." கணக்குப் போட்டுப் பேசுவோம். தீவனத்துல சேர்க்கிற லைசின்ங்கிற அமினோ அமிலத்தை எடுத்துக்குவோம். இருபது அடி கன்டெய்னர்ல அது சுமார் 20 டன் ஏறும். வாடகை ஒரேயடியா 2,000 டாலர் கூடிருச்சுன்னே வைங்க. டாலருக்கு 85 ரூபாய்னா 1,70,000 ரூபாய். கிலோவுக்கு எட்டரை ரூபாய். ஒரு டன் கோழித்தீவனத்துக்கு லைசின் 2 கிலோ போட்டா, கூடுற செலவு 17 ரூபாய். 50 கிலோ மூட்டைக்கு 85 பைசா. மூட்டைக்கு முப்பது, நாப்பதுன்னு ஏத்துறதுக்குக் கப்பலைக் காட்டுறது எந்த ஊர் நியாயம்?

ராம்நாடு தீவனக்கடை:
தம்பி, நீ லைசினை எடுத்துக்கிட்ட. அந்த மாதிரி விலை கூடுன சரக்குல கிலோவுக்கு எட்டு ரூபாய் பெருசாத் தெரியாது. ஆனா நீ குளத்துக்கு மூட்டை மூட்டையா வாங்குறது எதை? ஐப்பசி, கார்த்திகை மழையில குளத்துத் தண்ணியில உப்பு குறைஞ்சதும் பொட்டாஷும் மெக்னீசியமும்தானே? நம்ம நாட்டுக்கு வேண்டிய பொட்டாஷ் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி. கனடா, ரஷ்யா, ஜோர்டான்னு தூரத்துல இருந்து வருது. விலை கம்மி, கனம் ஜாஸ்தி. அங்கே கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடினாலே கை கடிக்கும்.

இன்னொண்ணு. சரக்கு விலை, காப்பீடு, கப்பல் வாடகை மூணையும் கூட்டித்தான் சுங்க வரி போடுறாங்க. வாடகை ஏறினா அதுக்கு மேலயும் வரி. அந்த வரியை உன் 85 பைசாவில சேர்த்தியா?

தொண்டி இறால்குளம்:
சேர்க்கலை அண்ணே. சேர்த்தாலும் ஒரு ரூபாய்க்குப் பக்கத்துலதான் நிக்கும். முப்பது ரூபாய் ஆகாது.

லைசின் பெரும்பாலும் சீனாவுல இருந்து மலாக்கா நீரிணை வழியா வருது. 2023 நவம்பர்ல இருந்து செங்கடல்ல கப்பலைத் தாக்குறாங்கன்னு இதுக்கு ஏன் விலை ஏத்தினீங்க? அந்தக் கடல் இந்தப் பாதையிலயே இல்லையே.

தூத்துக்குடி கிளியரிங்:
துறைமுகத்துல சுங்க வேலை முடிச்சு சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிறவன் நான், அதுக்கு நான் பதில் சொல்லுதேன். ஐரோப்பாவுக்குப் போற கப்பல் செங்கடல், சூயஸ் கால்வாய் வழியை விட்டுட்டு ஆப்பிரிக்காவைச் சுத்தினா, போக வர வாரக்கணக்குல கூடுது. அத்தனை நாளும் கப்பலும் காலிக் கன்டெய்னர் பெட்டியும் அங்கேயே மாட்டிக்கிடும். ஆசியாவுக்குள்ள ஓடுற கப்பல்லயும் இடம் கிடைக்காது. 2024 நடுவுல ஷாங்காய்ல இருந்து போற பல பாதைகளுக்கும் வாடகை ஏறினது இப்படித்தான். போதாக்குறைக்கு, நமக்கு வர்ற பெட்டிகள்ல நிறைய கொழும்புல இறங்கி, சின்னக் கப்பல்ல ஏறித்தான் தூத்துக்குடி வருது. கொழும்புல நெரிசல்னா இங்கேயும் தாமதம். ராமநாதபுரத்துக்காரங்களுக்குக் கடல் வாசல்லயே இருந்தும், பாக் நீரிணையில ஆழம் இல்லாததால பெரிய கப்பல் எதுவும் அந்தப் பக்கம் வராது. கடைசிக் கட்டம் எப்பவும் லாரிதான்.

ஆனா தம்பி சொல்றதுலயும் விஷயம் இருக்கு. 2024 ஜூலை 29ல ஜெர்மனியில பிஏஎஸ்எஃப்ங்கிற ரசாயனக் கம்பெனியோட ஆலையில தீப்பிடிச்சு, வைட்டமின் ஏ, ஈ ரெண்டும் தட்டுப்பாடாகி விலை எகிறுச்சு. அதுக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் இல்லை. கிலோவுக்கு அவ்வளவு விலை போற வைட்டமின்ல வாடகையோட பங்கு ரொம்பச் சின்னது.

கடலாடி ஆட்டுப்பட்டி:
நான் இறால்காரி இல்லை, வெள்ளாடும் ரெண்டு மாடும் வச்சிருக்கேன். கோடையில சீமைக்கருவேல் நெத்தே பாதித் தீவனம். காசு கொடுத்து வாங்குறது தாது உப்புக் கலவை ஒண்ணுதான். அதுல முக்கியமான சரக்கு டிசிபி, அதாவது டைகால்சியம் பாஸ்பேட். அதுக்கான பாறைப் பாஸ்பேட் ஜோர்டான், மொராக்கோ, எகிப்துல இருந்து வருது. ஜோர்டான் துறைமுகம் அகபா செங்கடல் மூலையிலயே இருக்கு. எனக்கு அந்தக் கடல் தூரமே இல்லை.

இருந்தாலும் தம்பி, கப்பலைவிட என்னை அதிகமா அடிக்கிறது தூத்துக்குடியில இருந்து கடலாடி வரைக்குமான செலவு. முழு லாரி ஏத்துறவருக்கு டன் கணக்குல வாடகை. எங்களுக்குப் பார்சல் சர்வீஸ்ல மூட்டைக் கணக்கு, அதுமேல ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, ஊருக்குள்ள வர ஆட்டோ. டீசல் விலையை யாரும் செங்கடல்னு சொல்றதில்லை, ஆனா எங்க மூட்டையில ஏறுறது அதுதான்.

ராம்நாடு தீவனக்கடை:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நாமக்கல் கோழித்தீவன மில்லுக்கு கன்டெய்னரே வாசல்ல போய் நிக்கும். நான் எடுக்கிறது நாலஞ்சு மூட்டை. அதுல பாதி கடன்ல போகுது, குளத்துல இறால் பிடிச்சு வித்த பிறகுதான் பணம் வரும். அந்த வட்டியும் விலையிலதான் இருக்கு.

தொண்டி இறால்குளம்:
இதை ஏன் முதல்லயே சொல்லலை அண்ணே? லாரி வாடகை இவ்வளவு, கடன் வட்டி இவ்வளவுன்னு சொன்னா நாங்க புரிஞ்சுக்குவோம். எங்க கோபம் வேற. 2021ல கப்பல் வாடகை உச்சத்துக்குப் போச்சு, 2023ல கொரோனாவுக்கு முந்தின அளவுக்குப் பக்கத்துல இறங்கிருச்சு. கடையில விலை இறங்குச்சா?

ராம்நாடு தீவனக்கடை:
பழைய ஸ்டாக்கை ஏறின விலையில வாங்கி வச்சிருந்தோம். அதை நஷ்டத்துக்கு விக்க முடியுமா?

தொண்டி இறால்குளம்:
ஏறும்போது மட்டும் பழைய ஸ்டாக்கைப் புது விலைக்கு வித்தீங்களே. அடுத்த லோடு வாங்கப் பணம் வேணும்கிறது சரி. அந்தக் கணக்கு இறங்கும்போதும் வரணும். ஏற ஒரு கணக்கு, இறங்க ஒரு கணக்குன்னா அதைத் தாங்குறது குளத்துக்காரனும் ஆட்டுக்காரியும்தான்.

தூத்துக்குடி கிளியரிங்:
இப்படிச் செய்யலாம். தொண்டி, தேவிபட்டினம், எஸ்.பி.பட்டினம் குளத்துக்காரங்க மழைக்கு முன்னாடியே பொட்டாஷ், மெக்னீசியம் தேவையைச் சேர்த்துக் கொடுத்தா ஒரு முழு லாரி ஆகும். தூத்துக்குடிக் குடோன்ல இருந்து நேரா கிழக்குக் கடற்கரைச் சாலையில ஏத்திவிடலாம். அக்காவோட டிசிபியையும் அதே லாரியில ஏத்தி சாயல்குடியில இறக்கலாம், லாரி அந்த வழியாத்தான் போகுது.

ராம்நாடு தீவனக்கடை:
நான் எடுத்துக் கொடுக்கத் தயார். ஆனா பாதிப் பணம் முன்னாடியே வரணும். கடன்ல இதைச் செய்ய என்னால ஆகாது.

தொண்டி இறால்குளம்:
பாதிப் பணத்துக்கு நான் பேசுறேன். பில்லுல சரக்கு விலை ஒரு வரி, லாரி வாடகை ஒரு வரின்னு தனித்தனியா எழுதிக் கொடுங்க. அது இல்லைன்னா எங்க ஊர்ல ஒருத்தரும் முன்பணம் தரமாட்டாங்க.